காலியாகத் திரும்பிய பரிசல்கள்

ஒரு பெண் தன் தாயின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க முடியாமல் போனதற்கு நான்தான் காரணம். நான் யாரையும் அடிக்கவில்லை, பொய் சொல்லவில்லை, யார் வாயிலும் மண்ணைப் போடவில்லை. ஒரு கால அட்டவணை எழுதினேன். நல்ல அட்டவணைதான். அதில் ஒரு குறை கண்டுபிடியுங்கள் பார்க்கலாம் என்று கேட்குமளவுக்கு எனக்குள் இன்னும் கொஞ்சம் திமிர் மிச்சமிருக்கிறது. அந்தத் திமிரைப் பற்றியும் சேர்த்தே எழுத வேண்டும்.

தர்மபுரி தனி மாவட்டமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. நான் பாப்பாரப்பட்டிக்காரன். ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் குமாஸ்தா வேலை கிடைப்பதற்கு முன்னால் ஒரு வருடம் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டைம் கீப்பராக இருந்தேன். எந்த வண்டி எத்தனை மணிக்கு ஸ்டாண்டுக்குள் நுழைகிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று எழுதுகிற வேலை. இரண்டு நிமிடம் தாமதமாக எடுத்த டிரைவரோடு இருபது நிமிடம் சண்டை போடுவேன். அந்தச் சண்டையில் அடுத்த வண்டியும் தாமதமாகும் என்பது அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

ஒன்றியத்தின் எல்லையில், மேட்டூர் அணைத் தண்ணீர் தேங்கிப் பின்னால் ஏறி வந்து நிற்கிற இடத்தில், ஒரு பரிசல் துறை இருந்தது. அணை நிறைந்திருக்கும் மாதங்களில் அங்கே தொந்தரவு இல்லை. ஆறு அகன்று கிடக்கும், பரிசல் எங்கே வேண்டுமானாலும் ஒதுங்கும். அணையில் தண்ணீர் இறங்க ஆரம்பித்ததும் ஆறு சுருங்கி நடுவே ஓடும். இரண்டு பக்கமும் முழங்கால் வரை இழுக்கிற சேறு. அப்போது இக்கரையில் கால் வைத்து ஏற ஒரே ஒரு பாறைச் சந்து, அக்கரையிலும் அதே மாதிரி ஒரு சந்து. ஒரு நேரத்தில் ஒரு பரிசல்தான் அதற்குள் நுழைய முடியும். உள்ளே நிற்கிற பரிசலில் கிழவிகளும் மூட்டைகளும் ஆடுகளும் ஏறி முடிக்கும்வரை, வெளியே வந்து சேர்ந்த பரிசல்கள் ஆற்றின் இழுப்பில் சுற்றிக்கொண்டு காத்திருக்கும். இறங்குகிறவர்களும் ஏறுகிறவர்களும் சந்தில் முட்டிக்கொள்வார்கள். வாய்ச்சண்டை கைகலப்பாகும்.

புதன்கிழமை அக்கரையில் சந்தை. அன்றைக்கு இக்கரையில் ஊர்வலம் மாதிரி ஜனம் நிற்கும். அப்படி ஒரு புதன்கிழமை, காத்திருந்த இரண்டு பரிசல்கள் ஒன்றையொன்று முந்தப்போய், சந்தின் வாயிலேயே ஒன்று கவிழ்ந்துவிட்டது. ஆள் சேதம் இல்லை. தர்மபுரியிலிருந்து வந்த ஆட்டு வியாபாரி பாய் ஒருவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தன் ஆடுகளை ஒவ்வொன்றாகக் கரைக்குத் தூக்கிப் போட்டாராம். பிறகு லுங்கியைப் பிழிந்து உதறிவிட்டு, ஈரத்தோடேயே பஸ் ஏறி ஒன்றிய அலுவலகத்துக்கு வந்தார். எங்கள் ஆணையர் அவர் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அலுவலகத்தைச் சுற்றிப் பார்த்தார். பஸ் ஸ்டாண்டில் டைம் பார்த்தவன் என்று நான் எப்போதோ பெருமையடித்தது அவருக்கு நினைவில் இருந்திருக்கிறது. "ஆறு மாசம் அங்க போய் உக்காந்து ஒழுங்குபடுத்திட்டு வாய்யா" என்றார்.

ஒரு டைம்பீஸ், ஒரு விசில், ஒரு குயர் கோடு போட்ட காகிதம். இவற்றோடு போய் இறங்கினேன்.

துறையில் பன்னிரண்டு பரிசல்கள். மூங்கிலால் பின்னி எருமைத்தோல் போர்த்தியவை. தோல் ஊறினால் அழுகிவிடும் என்பதால் ஒவ்வொன்றையும் அவ்வப்போது கரையில் கவிழ்த்து வெயிலில் காயவைக்க வேண்டும். பரிசல்காரர்களில் பெரிய கை ஒருவர் இருந்தார். நாற்பது வயது இருக்கும், வீட்டில் கன்னடம், துறையில் தமிழ். எதற்கும் அவசரப்படாதவர். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் நாள் என்னைச் சுற்றி ஒரு தடவை நடந்து பார்த்தார். "ஆத்துக்கு டைமு சொல்ல ஆளு வந்திருக்காருடோய்" என்று மற்றவர்களைக் கூப்பிட்டுச் சொன்னார். அன்றிலிருந்து அங்கே எனக்கு டைமு சார் என்று பெயர்.

இரண்டு வாரம் சும்மா உட்கார்ந்து எழுதினேன். ஒரு பரிசலில் ஆள் ஏற எவ்வளவு நேரம், இறங்க எவ்வளவு நேரம், கடக்க எவ்வளவு நேரம், எத்தனை பேர் எந்த மணிக்கு வருகிறார்கள் என்று எல்லாம் குறித்தேன். கடக்கிற நேரம் பெரிதில்லை, சந்துக்குள் ஏறி இறங்குகிற நேரம்தான் எல்லாவற்றையும் விழுங்குகிறது என்று தெரிந்தது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த ஆற்றை இத்தனை காலம் தாண்டியவர்கள் யாருக்கும் தெரியாததை நான் தெரிந்துகொண்டுவிட்டேன் என்று நினைத்தேன். அவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. கோடு போட்ட காகிதத்தில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

சாதாரண நாட்களுக்கு அரை மணி இந்தப் பக்கம், அரை மணி அந்தப் பக்கம் என்று பிரித்தேன். எண்ணெய் டின்னின் மூடிகளை வெட்டி, எண் எழுதி, வருகிறவர்களுக்கு வரிசைப்படி கொடுத்தேன். புளிய மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டு, முறை மாறும்போது அடிக்க ஏற்பாடு செய்தேன். என் பெருமையெல்லாம் புதன்கிழமைக்கான ஏற்பாட்டில்தான் இருந்தது. ஏழு மணியிலிருந்து பதினொரு மணி வரை இங்கிருந்து அங்கே மட்டும். அக்கரையில் ஆட்களை இறக்கியதும் பரிசல் காலியாகத் திரும்பிவிட வேண்டும். அங்கே யாரையும் ஏற்றக் கூடாது. ஏற்ற ஆரம்பித்தால் அந்தச் சந்து அடைபடும், பின்னால் வருகிற பரிசல் சுற்றும், பழைய கதை திரும்பும். அக்கரைக்காரர்கள் பதினொரு மணி வரை பொறுத்தால் போதும். இரண்டு பரிசல் காயும், பத்துப் பரிசல் ஓடும். ஒன்றுகூடச் சும்மா நிற்காது.

அட்டவணையைப் பலகையில் எழுதி மரத்தில் மாட்டும்போது பெரிய பரிசல்காரர் பக்கத்தில் நின்று படிக்கச் சொல்லிக் கேட்டார். கேட்டுவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"எல்லாஞ் சரிங்க. யாராச்சும் கால் நனைச்சு நின்னா என்னங்க பண்றது?"

"கால் நனைச்சுன்னா?"

"அந்தாண்டயோ இந்தாண்டயோ, தண்ணிக்குள்ள கால் வெச்சு ஒருத்தரு நின்னாருன்னா ஒடனே போயிக் கூட்டியாரணுமுங்க. முறையெல்லாம் பாக்கறதில்ல."

"ஏன்?"

அவர் ஆற்றைப் பார்த்தார். "அது அப்பிடித்தானுங்க."

நான் இன்னொரு முறை கேட்டிருக்கலாம். அதுதான் என் வாழ்க்கையில் நான் கேட்காமல் விட்ட கேள்வி. ஆனால் எனக்கு அப்போது இந்த மாதிரி வழக்கங்களைக் கண்டாலே எரிச்சல். தண்ணீரில் கால் வைத்தவனுக்கெல்லாம் முதல் இடம் என்றால் நாளைக்கு எல்லாரும் தண்ணீரில்தான் நிற்பார்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அதுல பொய்யா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

புளிய மரத்துக்குப் பக்கத்தில் தென்னங்கீற்றுக் கொட்டகையில் ஓர் அக்கா இட்லிக்கடை வைத்திருந்தாள். வயது முப்பத்தைந்து இருக்கும். புருஷன் பெங்களூர்ப் பக்கம் கல் உடைக்கப் போனவர், பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் வருவார். அவள் பிறந்தது அக்கரையில், ஆற்றிலிருந்து மூன்று மணி நேரம் நடக்கிற ஓர் ஊரில். அங்கே அவளுடைய அம்மா மகனோடு இருந்தாள். பார்வை மங்கி, படுத்த படுக்கையாகக் கிடந்தாள். அந்தத் துறையில் என் அட்டவணையை முதலில் பாராட்டியது இந்த அக்காதான். முன்னெல்லாம் அம்மாவைப் பார்க்கப் போனால் ஆற்றங்கரையிலேயே பாதி நாள் போய்விடுமாம். அங்கே தங்கினால் மறுநாள் கடை கெடும். இப்போது காலையில் முதல் முறையில் போய், சாயங்காலம் கடைசி முறையில் திரும்ப முடிந்தது.

"உங்க டைமு வந்ததுல இருந்து மாசத்துக்கு ரெண்டுதரம் ஆத்தாளப் பாத்துட்டு வந்தர்றேங்க" என்பாள். "கண்ணு தெரியலீன்னாலும் என் கைய மோந்து பாத்தே நாந்தான்னு சொல்லிரும். எட்ட இருந்துட்டனே, போறப்பவாச்சும் கிட்ட இருக்கணுமுங்க. அது ஒண்ணுதான் எனக்கு."

இதைப் பல தடவை சொல்லியிருக்கிறாள். இட்லியை வைத்துவிட்டு, சட்னி ஊற்றிக்கொண்டே சொல்வாள். நானும் ஏதோ என் சொந்தக் காசில் அவளுக்குப் பாலம் கட்டிக் கொடுத்தவன் மாதிரி தலையாட்டிக் கேட்டுக்கொள்வேன்.

முதல் இரண்டு மாதம் புதன்கிழமைகளில் நான் கொடிகட்டிப் பறந்தேன். பதினொரு மணிக்குக் கரையில் ஓர் ஆடுகூட மிச்சமில்லை. பாய் வந்து கைகொடுத்தார். ஆணையர் ஒருநாள் ஜீப்பில் வந்து பார்த்துவிட்டு, "பேசாம உன்ன இங்கயே கட்டிப் போட்டுரலாமாய்யா" என்றார். சண்டை ஓய்ந்ததில் பரிசல்காரர்களுக்கும் நிம்மதிதான். அவர்கள் முணுமுணுத்தது ஒரே ஒரு விஷயத்துக்கு. பெரிய பரிசல்காரர் ஒருநாள் தன் மச்சானை முறை தவறி அக்கரையிலிருந்து ஏற்றி வந்துவிட்டார். நான் அவருடைய பரிசலை ஒரு சந்தை நாள் முழுக்க ஓரம் கட்டி வைத்தேன். பெரிய கைக்கே அந்த கதி என்றதும் மற்றவர்கள் என் விசிலுக்குப் பயந்தார்கள். அந்தப் பயம் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பிறகு அந்தப் புதன்கிழமை வந்தது. நல்ல கோடை. காலை எட்டு மணிக்கே பாறை சுட்டது.

நாற்காலியில் உட்கார்ந்து டின் மூடிகளை வாங்கிக்கொண்டு ஆட்களை அனுப்பிக்கொண்டிருந்தேன். சந்தில் ஒரு பரிசல் நிறையும், போகும், அடுத்தது நுழையும். எதிரே அக்கரைச் சந்தில் ஆட்கள் இறங்குவார்கள், பரிசல் காலியாகத் திரும்பும். எல்லாம் தறியில் நாடா ஓடுகிற மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. பெரிய பரிசல்காரர் காலிப் பரிசலோடு வந்து இறங்கி, நேராக என்னிடம் வந்தார்.

"அங்க ஒருத்தரு கால் நனைச்சு நிக்கறாருங்க சார்."

நான் பார்த்தேன். சந்துக்குச் சற்றுத் தள்ளி ஓர் ஆள் முழங்காலுக்குக் கீழே தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். முகம் தெரியவில்லை. தலையில் துண்டு இல்லை, அதை அக்குளில் இடுக்கியிருந்தது தெரிந்தது. கையசைக்கவில்லை, கூப்பிடவில்லை. இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பதினொரு மணிக்கு ஏத்திக்கலாம்ணே" என்றேன்.

"சார், அவரு..."

"ஒருத்தர ஏத்தினா அங்க நிக்கற அம்பது பேரும் ஏறுவாங்க. ரூல்னா எல்லாருக்கும்தான்."

அவர் வேட்டி நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என்னவோ சொல்ல வாயெடுத்து, ஆற்றைத் திரும்பிப் பார்த்து, சொல்லாமல் விட்டுவிட்டார். "சரிங்க" என்று போய்த் துடுப்பை எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பதினொரு மணி வரை எத்தனை பரிசல்கள் அந்த ஆளுக்கு முன்னாலிருந்து காலியாகத் திரும்பின என்று நான் எண்ணவில்லை. வழக்கமாக எண்ணுகிறவன்தான். நடுவில் அக்கா கொட்டகையிலிருந்து வந்து இலையில் நான்கு இட்லி வைத்துவிட்டுப் போனாள். சூடாக இருந்தது. சாப்பிட்டுக்கொண்டே அட்டவணைப்படி எல்லாம் நடக்கிற அழகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஆளும் என் பார்வைக்குள்தான் நின்றார். பிடிவாதக்காரன், தண்ணீரில் நின்றால் நான் இளகிவிடுவேன் என்று நினைக்கிறான் போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டேன்.

பதினொரு மணிக்குத் தண்டவாளத்தை அடித்தேன். பெரிய பரிசல்காரர் முதல் ஆளாக அக்கரைக்குப் போய் அவரை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தார். அங்கே காத்திருந்த மற்ற ஐம்பது பேரில் ஒருவரும் தடுக்கவில்லை, ஒதுங்கி வழி விட்டார்கள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாக ஏதோ இடித்தது.

அந்த ஆள் கரையேறினார். மூன்று மணி நேரம் நடந்த களைப்பும் மூன்று மணி நேரம் நின்ற களைப்பும் காலில் தெரிந்தன. என்னைப் பார்க்கவில்லை. பாறையைத் தாண்டி, புளிய மரத்தைத் தாண்டி, நேரே கொட்டகைக்குப் போனார். குனிந்து அக்காவிடம் இரண்டு வார்த்தைதான் சொன்னார். அவள் கையிலிருந்த கரண்டியை மெதுவாகப் பாத்திரத்தில் வைத்தாள். அழவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அடுப்பிலிருந்து விறகை வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். பிறகுதான் அவளிடமிருந்து அந்தச் சத்தம் வந்தது.

அம்மா முந்தின நாள் பொழுது இறங்கும்போது போயிருக்கிறாள். சேதி சொல்ல இருட்டோடு கிளம்பிய ஆள் இவர். நான் அக்காவை முறையெல்லாம் பார்க்காமல் உடனே ஏற்றி அனுப்பினேன். விசிலை ஊதி எல்லாப் பரிசலையும் ஒதுக்கினேன். அதைச் செய்ய எனக்கு இரண்டு நிமிடம் கூட ஆகவில்லை.

அவள் போன பிறகு பெரிய பரிசல்காரரைப் பிடித்துக்கொண்டேன். கோபம் அவர் மேல் இல்லை என்று இப்போது தெரிகிறது. அப்போது அவர்தான் கிடைத்தார்.

"சாவுச் சேதின்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"அந்த வார்த்தைய ஆத்து மேல சொல்ல மாட்டமுங்க. சேதி கொண்டாரவரும் சொல்ல வேண்டிய வூட்டுல போயித்தான் வாயத் தொறப்பாரு. அதுக்குத்தான் கால் நனைச்சு நிக்கறது. யாரு, என்னன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க." என்னை நேராகப் பார்த்தார். "கால் நனைச்சு நிக்கறாருன்னு சொன்னேனுங்களே சார்."

சொன்னார்தான். இரண்டு தடவை சொன்னார்.

அங்கே என்ன நடந்தது என்று பிறகு தெரிந்தது. மத்தியானம் வரை மகளுக்காக வைத்துப் பார்த்திருக்கிறார்கள். வெயில். சேதி போய்ச் சேரவில்லையோ, புருஷன் வீட்டில் விடவில்லையோ என்று ஆளாளுக்குப் பேசி, கடைசியில் எடுத்துவிட்டார்கள். மூன்று மணி வாக்கில் அக்கா போய்ச் சேர்ந்தபோது வீட்டைக் கழுவி விட்டிருந்தார்களாம். வாசல் ஈரமாக இருந்ததாம்.

இதற்குப் பிறகு நான் செய்தவை இன்னும் மோசம். மனசு கிடந்து அடித்துக்கொண்டது உண்மை. ஆனால் என் அட்டவணை தப்பு என்று மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு குமாஸ்தாவுக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தைச் செய்தேன். பலகையின் கீழே ஒரு வரி சேர்த்தேன்: அவசரமாகச் செல்ல வேண்டியவர்கள் காரணத்தைப் பொறுப்பாளரிடம் தெரிவித்தால் முன்னுரிமை அளிக்கப்படும். காரணத்தைச் சொல்லக் கூடாது என்பதுதான் அங்கே வழக்கம் என்று அதற்குள் எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் எழுதினேன். ஒருவரும் வந்து தெரிவிக்கவில்லை. அப்படியானால் யாருக்கும் அவசரம் இல்லை என்று நானே தீர்மானித்துக்கொண்டேன்.

பதினாறாம் நாள் முடிந்து அக்கா திரும்பி வந்து கடையைத் திறந்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தப்பித்திருப்பேன். பழையபடி இலையில் இட்லி கொண்டுவந்து வைத்தாள். நான் பாதியிலேயே இலையை மடித்துவிட்டேன். மறுநாளிலிருந்து வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று பொய் சொல்லி, பட்டினியாக உட்கார்ந்திருந்தேன். கொட்டகைப் பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டேன்.

அந்த நாட்களில் ஒரு காலை, சந்துக்குப் பக்கத்தில் ஒரு பரிசல் சும்மா நிற்பதைப் பார்த்தேன். காயவைத்தது அல்ல. நிமிர்ந்து தண்ணீரில் மிதந்தது, உள்ளே துடுப்பு. யாருடையது, ஏன் வரிசையில் இல்லை என்று கத்தினேன். ஆளாளுக்குத் தங்கள் பரிசலைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நானே இறங்கிப் போய் அதை வரிசையில் தள்ளிவிட்டேன். கொட்டகையிலிருந்து அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். நான்தான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லையே.

ஆறு மாதம் முடிவதற்கு முன்னாலேயே அலுவலகத்துக்குத் திரும்பக் கேட்டு வாங்கிக்கொண்டேன். மழை தொடங்கி அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. இனி சந்தும் இல்லை, நெரிசலும் இல்லை என்று எழுதிக் கொடுத்தேன். போகிற அன்று பெரிய பரிசல்காரரிடம் சொல்லிக்கொண்டேன். அக்காவிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினேன்.

பிறகு கல்யாணம், பிள்ளைகள், பாப்பிரெட்டிப்பட்டிக்கு மாற்றல் என்று வருடங்கள் ஓடின. எழுபதுகளின் நடுவில் ஒரு கோடையில், கூட வேலை பார்த்தவர் வீட்டுக் கல்யாணத்துக்கு அக்கரைக்குப் போக வேண்டியிருந்தது. மேட்டூர் சுற்றி பஸ்ஸில் போயிருக்கலாம். பரிசல் துறைக்கே போனேன். அட்டவணையைத் தூக்கி எறிந்திருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன், விரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம்.

என் பலகை புளிய மரத்தில் அப்படியே இருந்தது. யாரோ புதுச் சுண்ணாம்பு அடித்து, அதே மணிகளை அதே வரிசையில் மறுபடி எழுதியிருந்தார்கள். கடைசியில் நான் சேர்த்த வரி மட்டும் இல்லை. தண்டவாளத் துண்டு தொங்கியது. தோலுக்குப் பதில் தார் பூசிய பரிசல்கள் வந்திருந்தன. அவற்றில் ஒன்று வரிசைக்கு வெளியே, சந்தின் ஓரத்தில், துடுப்போடு சும்மா மிதந்துகொண்டிருந்தது.

தலை நரைத்திருந்த பெரிய பரிசல்காரர் என்னை உடனே கண்டுகொண்டார். "டைமு சாரா? வாங்க வாங்க. முடியெல்லாம் எங்கீங்க போச்சு?" என்றார்.

"அது எதுக்குண்ணே சும்மா நிக்குது?"

"அது எந்த முறையிலயும் இல்லீங்க. கால் நனைக்கறவங்களுக்கு. ஆளுக்கொரு நாளு பரிசலு விடறோம்." குரலைத் தாழ்த்தினார். "அந்தக்கா யோசனதானுங்க. பதினாறு முடிஞ்சு வந்த அன்னிக்கே சொல்லிருச்சு. ஒரு நாளு வெச்சும் பாத்தோம். நீங்க வந்து தள்ளி உட்டுட்டீங்க."

பத்துப் பரிசலையும் ஓயாமல் ஓடவைத்தவன் நான். ஒன்றைச் சும்மா வைக்க வேண்டும் என்று ஓர் இட்லிக்கடைக்காரிக்குத் தோன்றியது எனக்குத் தோன்றவில்லை.

கொட்டகை இப்போது ஓடு வேய்ந்திருந்தது. அக்கா அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள், கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் உட்கார ஒரு பலகையைத் தள்ளிப் போட்டாள். நான் உட்காரவில்லை. வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அன்றைக்கு அந்த ஆளை நான் பார்த்தேன், தெரிந்தே நிற்க வைத்தேன், காலிப் பரிசல்களை அவர் முன்னாலிருந்து திருப்பினேன், உங்கள் அம்மா முகத்தை நீங்கள் பார்க்காமல் போனது என்னால்தான், இத்தனை வருடம் வந்து சொல்லாததும் தப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாயிருக்கும் என்றும் இருந்தது.

அவள் அடுப்பிலிருந்த விறகைக் கொஞ்சம் உள்ளே தள்ளினாள்.

"உங்கள மட்டும் சொல்லி என்னங்க. நானும்தான் பாத்தேன்."

எதை என்று கேட்டேன்.

"இங்க உக்காந்தா அந்தாண்ட நேராத் தெரியுமுங்க. ஒருத்தரு தண்ணிக்குள்ள நிக்கறாரு. பரிசலு போவுது, வருது, யாரும் ஏத்தல. யாரு வூட்டுக்கோ, பாவம்னு நெனச்சேன். சார்கிட்ட ஒரு வார்த்த சொல்லலாம், நாஞ் சொன்னா கேப்பாருன்னு எந்திரிச்சுங்கூட நின்னுட்டேன். சந்தை நாளு பாருங்க, ஒரு ஈடு வெந்துக்கிட்டு இருந்துச்சு. எறக்கி வெச்சுட்டுப் போலாம்னு மறுக்கா உக்காந்துட்டேன்."

என் முகத்தைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்தாள்.

"எறக்குனதும் அந்த ஈட்டுல நாலு உங்களுக்குத்தான் கொண்டாந்து வெச்சேன். நீங்க எழுதிக்கிட்டு இருந்தீங்க. தொந்தரவு பண்ண வேண்டாம்னு திரும்பிட்டேனுங்க."

நாலையும் நான் சாப்பிட்டேன். இன்னும் இரண்டு கேட்கலாமா என்று யோசித்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது.